மூழ்கும் இரையும் வளையும் தடியும்: மயிலிட்டிக் கடலோரத்திலிருந்து ஒரு தூண்டில் வரலாறு

ரொறன்ரோவில் வாழும் உறவினர் ஒருவர், கோடை விடுமுறைக்கு ஊர் வருவதற்கு முன்னர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஒன்ராறியோவின் ஏரிகளில் உரிமம் பெற்று மீன்பிடித்துப் பழகியவர் அவர். இழுக்கும்போது நீருக்குள் ஆழமாக மூழ்கி நீந்தும் செயற்கை மீன்களின் மீது அவருக்குப் பெரு விருப்பு. தெல்லிப்பழைக்கு வரும்போது அவற்றுக்கேற்ற தூண்டில் தடி எதனைக் கொண்டுவருவது, மயிலிட்டிக் கடலுக்கு எது பொருந்தும் என்பதே அவர் அறிய விரும்பியது.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியைப் பத்திரிகைக்காரனிடம் கேட்கிறாரே என்று முதலில் நினைத்தேன். பின்னர் இக்கேள்விக்குள் ஒரு நீண்ட வரலாறு இருப்பது புலப்பட்டது. தூண்டில் தடியின் கதையை உலகம் நூல் நூலாக எழுதி வைத்திருக்கின்றது. தடியே இல்லாமல், கையையும் கயிற்றையும் மாத்திரம் நம்பி அதே ஆழங்களை அளந்த எமது கடலோரத்தவர்களின் கதையோ பெரும்பாலும் எழுதப்படாமலே இருக்கின்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும் என்று தோன்றியதால் இதனை எழுதுகின்றேன்.

தெல்லிப்பழை என்றதும் புலம்பெயர்ந்த வாசகர் பலருக்குத் துர்க்கை அம்மன் கோவிலும், மகாஜனக் கல்லூரியும், யூனியன் கல்லூரியுமே நினைவுக்கு வரும். செம்மண் தோட்டங்களும் கிணறுகளும் நிறைந்த வேளாண் ஊர் என்பதே பொதுவான எண்ணம். ஆனால் தெல்லிப்பழைப் பிரதேச செயலகப் பிரிவின் வட எல்லை கடலாகும். கீரிமலை, காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி ஆகிய கரையோர ஊர்கள் யாவும் இப்பிரிவுக்குள்ளேயே அடங்குகின்றன. சுண்ணாம்புக் கற்பாறையின் மீது அமைந்த குடாநாடாதலால், ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இங்கே இல்லை; மழைநீர் நிலத்துக்குள் இறங்கிவிடுகின்றது. ஆகவே தூண்டில் என்றால் இங்கே பெரும்பாலும் கடல் தூண்டில்தான்.

தமிழர் கையில் தடி

தூண்டில் தடி வெள்ளைக்காரர் கொண்டுவந்த பொருள் என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாண்மகன் ஒருவன் தூண்டிலிடும் காட்சியை விரிவாகவே காட்டுகின்றார். இரை வைப்பதற்குத் தோலாலான பை, நீண்ட மூங்கிற் கோல், அதிற் கட்டிய கயிறு, வளைந்த வாயையுடைய இரும்பு முள் என்று ஒரு தூண்டிற்காரனுக்கு வேண்டிய உபகரணங்கள் அனைத்தும் அங்கே உள்ளன. இரையைக் கௌவி முள்ளுக்குத் தப்பிய வாளைமீன், பின்னர் நீரில் ஆடும் பிரம்பின் நிழலைக் கண்டும் அஞ்சுகின்றது என்று புலவர் சொல்வது, தூண்டிலை நேரில் கண்டவரின் கூற்றாகவே தோன்றுகின்றது.

திருக்குறளின் சூது அதிகாரத்து முதற் குறளும் (931) தூண்டிலையே உவமையாகக் கொள்கின்றது. சூதிலே பெறும் வெற்றி, இரையென்று எண்ணித் தூண்டில் இரும்பை மீன் விழுங்குவதைப் போன்றது என்பது அதன் பொருள். ஏமாற்றும் பொருளாகத் தூண்டிலைக் காணும் இப்பார்வை, பொய்யிரையைப் பற்றிப் பேசவிருக்கும் எமக்கு மிகவும் பொருத்தமானது.

பாண்மகனின் கோல் குளத்துக்கும் கழனிக்கும் உரியது. கரையில் நிற்பவன் தன் கைக்கு எட்டாத நீருக்கு இரையைக் கொண்டு செல்லவே கோலை நாடினான். கடலுக்கு வள்ளத்திலும் கட்டுமரத்திலும் சென்றவனுக்கு அந்தத் தேவை இருக்கவில்லை. மீன் இருக்கும் இடத்துக்கு அவனே போய்விடுகின்றான். இரையை நேர் கீழே இறக்கினாற் போதும். கடலோடிகள் தடியை அறியாதவர்கள் அல்லர். அவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

தடிக்கு நூல் எழுதிய காலம்

பிரித்தானியர் ஆட்சியில் தூண்டில் தடி இன்னொரு வடிவில் எமது நிலத்துக்குத் திரும்பி வந்தது. இப்போது அது பிழைப்புக்கான கருவியன்று. அதிகாரிகளின் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. சென்னை மாகாணச் சிவில் சேவையைச் சேர்ந்த ஹென்றி சலிவன் தோமஸ் என்பவர், இந்தியாவில் தடிகொண்டு மீன்பிடிப்பது பற்றி 1873ஆம் ஆண்டில் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். ஆறுகளிலுள்ள பெருங்கெண்டைகளை எவ்வாறு பிடிப்பது, எந்தத் தடி, எந்த முள், எந்தப் பருவம் என்று அது விளக்கிற்று. குளங்களில் தூண்டிலிடுவது பற்றி 1887இல் இன்னொரு நூலும் எழுதினார். இலங்கையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஐரோப்பாவிலிருந்து துரௌட் மீனின் முட்டைகளைக் கொண்டுவந்து நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி ஆகிய மலைப்பகுதி நீரோடைகளில் வளர்த்தார்கள். தோட்டத்துரைமார் தாம் பிறந்த நாட்டின் பொழுதுபோக்கை இங்கேயும் அனுபவிக்க வேண்டுமென்பதே அதன் நோக்கம்.

அந்தக் காலத்து உயர்தரத் தடிகள் எமது பக்கத்து மூங்கிலிலிருந்தே செய்யப்பட்டன என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். மூங்கிலை நீளவாக்கில் மெல்லிய கீற்றுகளாகப் பிளந்து, முக்கோண வடிவில் சீவி, ஆறு கீற்றுகளை ஒன்றாக ஒட்டி அறுகோணத் தடியாக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வளர்ந்தது. அதற்கு முதலிற் பயன்பட்டது கல்கத்தாத் துறைமுகத்தின் ஊடாக ஏற்றுமதியான இந்திய மூங்கில். வணிகத்தில் அதற்குக் 'கல்கத்தா மூங்கில்' என்றே பெயர். 20ஆம் நூற்றாண்டில் தென்சீனத்து 'தொங்கின்' மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. 1950இல் கொரியப் போரை ஒட்டிச் சீனப் பொருட்களுக்கு அமெரிக்கா தடை விதித்தபோது அந்த மூங்கிலும் கிடைக்காமற் போயிற்று. அப்போது பரவிவந்த கண்ணாடி நாரிழைத் தடிகளுக்கு அதுவே பெரு வாய்ப்பாக அமைந்தது. 1970களில் கரிநார்த் தடிகள் சந்தைக்கு வந்தன. எங்கோ நடந்த போர் ஒன்று, மீன்பிடிப்பவனின் கையிலுள்ள தடியையும் மாற்றிவிட்டது.

பொய்யிரை ஏன் மூழ்குகின்றது?

இனி, உறவினர் கேட்ட செயற்கை மீனுக்கு வருவோம். அமெரிக்காவில் இதனைக் 'கிராங்பெயிற்' என்பார்கள். சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி இழுக்கப்படுவதால் அப்பெயர். உருண்டு தடித்த உடலும், வாயின் கீழே முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான நாக்கும் இதன் அடையாளங்கள்.

உலோக நாக்குப் பொருத்திய மரப் பொய்யிரைகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்திலேயே அமெரிக்காவில் விற்பனையாகின. ஆனால் இவ்வகையில் உலகப் புகழ்பெற்ற பெயர் பின்லாந்து மீனவர் லௌரி ரப்பாலாவினுடையது. வறுமைக்குள் குடும்பத்தை நடத்திய அவர், காயம்பட்டு ஒருபக்கமாகத் தள்ளாடி நீந்தும் சிறு மீனையே பெரிய மீன்கள் தாக்குவதைக் கவனித்து, 1936இல் தக்கையைச் செதுக்கி ஒரு பொய்மீன் செய்தார். சொக்லேற் சுற்றிவரும் வெள்ளித்தாளே அதற்குச் செதில். உருக்கிய புகைப்படச் சுருள் அதற்கு மேற்பூச்சு. இன்று உலகெங்கும் விற்பனையாகும் ஒரு பொருளின் தோற்றம் ஓர் ஏழை மீனவனின் குடிசையிலே என்பது கவனிக்கத்தக்கது.

ஆழமாக மூழ்கும் வகை 1970களில் அமெரிக்காவிற் பெருகியது. அதன் சூத்திரம் எளிமையானது. இரை பெரும்பாலும் நீரில் மிதக்கும் தன்மையுடையது. இழுக்கும்போது முன்னே நீட்டிய நாக்கில் நீர் மோதி, அதனைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றது. நாக்கு நீளமாகவும், உடலின் நீளப்பாட்டுக்கு இணையாகவும் இருந்தால் இரை செங்குத்தாக இறங்கும்; நாக்குக் குட்டையாக, நிமிர்ந்து நின்றால் மேல்நீரிலேயே நீந்தும். இழுப்பதை நிறுத்தினால் இரை மெல்ல மேலே வரும். நூல் தடித்தால் நீர் அதனைப் பிடித்து நிறுத்தும். மெல்லிய நூலில் இரை கூடுதலாக இறங்கும். முழு ஆழத்தை அடையச் சற்று நீண்ட ஓட்டம் வேண்டுமாதலால், தொலைவுக்கு வீசுவது அவசியம். கரையிலிருந்தோ நிறுத்திய படகிலிருந்தோ வீசினால், இத்தகைய இரைகளில் பல 10 முதல் 20 அடி வரை இறங்கக்கூடியவை.

இதிலிருந்தே தடியின் இலக்கணம் பிறக்கின்றது. தொலைவுக்கு வீச வேண்டுமாதலால் தடி 7 முதல் 8 அடி வரை நீளமாக இருப்பது நன்று. பெரிய நாக்கு நீரை உழுதுகொண்டு வருவதால் இழுவை கடுமையாக இருக்கும். அதனைத் தாங்கும் வலு தடியின் அடிப்பகுதிக்கு வேண்டும். ஆனால் நுனியிலிருந்து நடுப்பகுதி வரை அது மெதுவாக வளைய வேண்டும். ஏனெனில் இவ்விரைகளில் இருப்பவை மூன்று கூர்களையுடைய சிறிய முட்கள். மீன் கௌவிய கணத்திலேயே விறைப்பான தடி வெடுக்கென்று இழுத்தால், முள் சரியாகப் பதியாது. பதிந்தாலும் வாய் கிழிந்து மீன் தப்பிவிடும். வளையும் தடி ஒரு நொடி தாமதிக்கின்றது. அந்த நொடிக்குள் மீன் இரையை உள்ளே வாங்கிக்கொள்கின்றது. இதனால்தான், கரிநார்த் தடி இலேசானதாகவும் நுண்ணுணர்வு மிக்கதாகவும் இருந்தும், இவ்வகை இரைக்குப் பழைய கண்ணாடி நாரிழைத் தடியையோ இரண்டும் கலந்த தடியையோ அனுபவசாலிகள் பலர் விரும்புகின்றார்கள். சக்கரமும் விரைந்து சுழல்வதாக அல்லாமல், ஒரு சுற்றுக்குக் குறைவாக இழுத்து வலுவைக் கூட்டுவதாக இருத்தல் நலம். கடலுக்கென்றால் உப்புநீருக்குத் துருப்பிடிக்காத முள்ளும் சக்கரமும், அறக்குளா, சீலா போன்ற கூர்ப்பல் மீன்களுக்காக இரைக்கு முன்னே ஒரு சாண் கம்பியும் அவசியம்.

உறவினருக்கு நான் கூறிய பதில் இவ்வளவே. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். எமது மேற்குப் பக்கத்துப் பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. 20 அடி இறங்கும் இரை, எமது கடலோடிகளின் கணக்கில் மூன்று பாகத்துக்குச் சற்றுக் கூடுதலானது. கரையை அண்டிய கற்பாரில் அது சிக்கிக்கொண்டால் இரையும் போகும், நூலும் போகும். ஆகவே தடியைத் தெரிவதற்கு முன்னர் கீழே என்ன இருக்கின்றது என்று தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். அந்தத் தெரிந்தவர் யார் என்பதிலேதான் எமது வரலாறு தொடங்குகின்றது.

தடியில்லாத் தூண்டில்

'பாகம்' என்பது இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம். ஏறத்தாழ 6 அடி. ஆழத்தை அளக்கும் அலகே மனித உடலாக இருந்தது. ஈயக்கட்டி கட்டிய கயிற்றை இறக்கி, அது தரையைத் தொட்டதும் பாகம் பாகமாக இழுத்து எண்ணினால் ஆழம் தெரியும். ஈயம் விழும் விதத்தைக் கொண்டு கீழே சேறா, மணலா, கற்பாரா என்பதையும் அனுபவசாலி சொல்லிவிடுவார். எந்தப் பாரில் விளைமீன் மேயும், எதில் கலவாய் பதுங்கும் என்பது அதற்கடுத்த பாடம்.

மயிலிட்டித் தொழிலாளர் வலைத்தொழிலுக்குப் பெயர்பெற்றவர்கள். எனினும் தூண்டில் தொழிலும் அதன் பக்கத்திலேயே நடந்தது. அடிமீனுக்குக் கைத்தூண்டில், ஒரே தாய்க்கயிற்றில் நூற்றுக்கணக்கான கொளுக்கிகள் தொங்கும் நெடுந்தூண்டில் சுறாவுக்கும் திருக்கைக்கும், ஓடும் படகின் பின்னே இழுபடும் தூண்டில் அறக்குளாவுக்கும் பாரைக்கும் சூரைக்கும். இந்த மூன்றாவது வகையில், மேலே சொன்ன பொய்யிரைத் தத்துவம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. இறகு, வெள்ளைத் துணிக்கீற்று, மினுங்கும் தாள் என்பவற்றைக் கொளுக்கியின் மேற்புறத்திற் கட்டி இழுத்தால், ஓடும் சிறு மீனென்று பெரிய மீன் பாயும். பின்லாந்தில் ரப்பாலா கண்டறிந்த அதே உண்மையை, மீனின் கண்ணுக்குப் பட்டதைக் கொண்டு இங்குள்ளோரும் அறிந்திருந்தார்கள். ஆழத்தைக் கூட்ட அவர்களுக்கு நாக்கு வேண்டியிருக்கவில்லை; ஈயத்தின் நிறையையும், கயிற்றின் நீளத்தையும், படகின் வேகத்தையும் மாற்றினார்கள்.

தடியின் வேலையை யார் செய்தார்கள்? இழுவையின் அதிர்ச்சியைத் தாங்கியது முழங்கையும் தோளும். மீன் தொட்டதை உணர்ந்தது சுட்டுவிரல். விட்டுக்கொடுக்க வேண்டிய நொடியில் விட்டுக்கொடுத்தது உள்ளங்கை. அதற்கு விலையாகக் கயிறறுத்த தழும்புகள் அந்தக் கைகளில் இருந்தன. மல்லாகத்து முகாம் ஒன்றில் பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் சந்தித்த முதிய தொழிலாளி ஒருவர், மீன் இனங்களை இழுவையின் வேறுபாட்டைக் கொண்டே சொல்லலாம் என்று கூறி, வெறும் விரலை அசைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். தடி விற்பவர்கள் 'நுண்ணுணர்வு' என்று விளம்பரஞ் செய்வது அந்த விரலில் இருந்ததைத்தான்.

நூலின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். முற்காலத்தில் பருத்தியும் சணலும் முறுக்கிய கயிறுகளே பயன்பட்டன. உப்புநீரில் அவை உக்கிப்போகாதிருக்க மரப்பட்டைச் சாயத்தில் அவித்து உலர்த்துவார்கள். 1938இல் அமெரிக்காவின் டூபொன் நிறுவனம் நைலோனை உலகுக்கு அறிவித்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்து அது இலங்கைக் கரைகளிற் பரவலாயிற்று. ஒற்றை இழை நைலோனை எமது மக்கள் 'தங்கூசி' என்று அழைத்தார்கள். நீருக்குள் கண்ணுக்குத் தெரியாத தங்கூசியால் தூண்டில் தொழில் இலகுவாயிற்று. அதே தங்கூசியை வலையாக்கியபோது கடலுக்குக் கேடும் வந்தது. இலங்கையில் தங்கூசி வலை தடைசெய்யப்பட்டிருப்பதை வாசகர் அறிவர்.

நோர்வே வழியாக வந்த கண்ணாடி நாரிழை

1950களின் பிற்பகுதியில் அரசின் கடனுதவியுடன் 28 அடி நீளமான மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகள் கரையோரங்களுக்கு வந்தன. பாயை நம்பிய தொழில் இயந்திரத்தை நம்பத் தொடங்கிற்று. படகின் இருபக்கமும் மூங்கில் தடிகளை நீட்டி, அவற்றிலிருந்து பல தூண்டில்களை ஒருசேர இழுத்துச் செல்லும் முறையும் இலங்கையிற் பரவியது. பாண்மகனின் கோல், கையிலிருந்து படகுக்கு இடம்மாறிக் கடலுக்கு வந்தது எனலாம்.

இக்காலத்தில் நினைவுகூர வேண்டிய ஒருவர் அன்ரனி ராஜேந்திரம். நோர்வேயிற் குடியேறிய முதற் தமிழராகக் கருதப்படும் அவர், 1956இல் அங்கு சென்றார். நோர்வே மக்களின் உதவியைத் திரட்டித் தாயகத்தின் மீனவருக்காக 1967இல் உருவாக்கிய திட்டமே 'சீநோர்'. காரைநகரிற் படகுத் தளமும், குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அமைந்தன. தூண்டில் தடியைச் செய்யும் அதே கண்ணாடி நாரிழையால் அங்கே படகுகள் கட்டப்பட்டன. இலேசான, உக்காத, வெளியிணைப்பு இயந்திரத்துடன் ஓடும் அந்தப் படகு கரையோர வாழ்க்கையையே மாற்றியது. பின்னாளில் நோர்வேக்குத் தமிழர் சென்ற பாதையின் தொடக்கப்புள்ளியும் மீன்பிடியே என்பதை இளந் தலைமுறையினர் அறிந்திருக்க வேண்டும்.

நோர்வேயின் கை பாக்கு நீரிணையின் மறுகரைப் பக்கத்திலும் இருந்தது. 1952இல் கைச்சாத்தான இந்திய-நோர்வேத் திட்டம் கேரளத்தின் நீண்டகரையை மையமாகக் கொண்டு இயந்திரமயமாக்கலைத் தொடங்கியது. அங்கிருந்து வளர்ந்த இழுவைமடித் தொழில் தமிழ்நாட்டுக் கரைகளிலும் பெருகியது. கடலின் அடித்தரையை வாரிச் செல்லும் அந்த மடிகளே இன்று வடபகுதி மீனவரின் தீராத துயராகியுள்ளன. ஒரே நாட்டின் நல்லெண்ணம் இரு கரைகளில் இரு வேறு விளைவுகளைத் தந்தது.

கரை இழந்த 27 ஆண்டுகள்

1990ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் திகதி மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தனர். இலங்கையின் முக்கிய மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக விளங்கிய ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கியது. மக்கள் மல்லாகம், சுன்னாகம் பகுதி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும், வேறு கரையோரங்களிலும் சிதறி வாழ்ந்தனர். கடலுக்கு மிக அண்மையில் இருந்துகொண்டே கடலை இழந்தவர்கள் அவர்கள். துறைமுகமும் அதனைச் சூழ்ந்த 54 ஏக்கர் நிலமும் 2017ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் திகதி விடுவிக்கப்பட்டன. இடையிற் கழிந்தவை 27 ஆண்டுகள்.

இழந்த வீடுகளையும் படகுகளையும் கணக்கெடுக்கலாம். பத்திரிகையாளராக நாங்களும் அவற்றையே எழுதினோம். கணக்கில் வராத இழப்பு இன்னொன்று. கடலில் பார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கக் கடலோடிகள் கரையைப் பார்த்தார்கள். கோபுரம் ஒன்றும் பனைக்கூடல் ஒன்றும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். இன்னொரு பக்கத்தில் வெளிச்சவீடும் ஒரு பெரிய மரமும் சேர வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடமே மீன் நிற்கும் பார். எந்த வரைபடத்திலும் இல்லாத இந்த அறிவு தகப்பனிடமிருந்து மகனுக்குப் படகிலேயே சென்றது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் வீடுகள் இடிந்தன, பனைகள் வீழ்ந்தன, அடையாளங்கள் பல அழிந்தன. கரையிலே பனை வீழ்ந்தபோது கடலிலே ஒரு பாரும் தொலைந்தது.

அதைவிடப் பெரிய இழப்பு, கற்பிக்க வேண்டிய காலம் கழிந்துபோனது. 1990இல் தகப்பனுடன் கடலுக்குப் போகத் தொடங்க வேண்டிய 15 வயதுச் சிறுவன், கரை திரும்பியபோது 42 வயதுடையவனாக இருந்தான். 50 வயதில் வெளியேறிய தகப்பனுக்கு 77 வயது. அவர் உயிருடன் இருந்திருந்தால் அதுவே பேறு.

திரும்பியவர்களும் திரும்பாத அறிவும்

மயிலிட்டித் துறைமுகத்தின் புனரமைப்புக் கட்டங் கட்டமாக நடைபெறுகின்றது. முதற் கட்டம் 2019 ஓகஸ்ற் மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. மூன்றாங் கட்டப் பணிகளை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி தொடக்கிவைத்தார். இவை வரவேற்கத்தக்கவை. அடித்தரையை வாரும் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டத் திருத்தம் 2017 ஜூலையில், துறைமுகம் விடுவிக்கப்பட்ட அதே மாதத்தில், இலங்கை நாடாளுமன்றத்தில் நிறைவேறியதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆனால் எல்லை தாண்டும் இழுவைப்படகுகளின் பிரச்சினை ஓயவில்லை.

இழுவைமடிக்கும் தூண்டிலுக்குமுள்ள வேறுபாடு கடலைப் பற்றிய இரு வேறு பார்வைகளின் வேறுபாடாகும். தூண்டில் ஒரு நேரத்தில் ஒரு மீனைக் கேட்கின்றது. வேண்டாததை உயிருடன் விட்டுவிடலாம். இழுவைமடிக்குத் தரையில் என்ன இருக்கின்றது என்று தெரிய வேண்டியதில்லை; இருப்பது யாவற்றையும் அது வாரிவிடும். தூண்டிற்காரனுக்கோ தரையை அறியாமல் தொழிலே இல்லை. மூழ்கும் பொய்யிரையை வாங்கும் பொழுதுபோக்கு மீன்பிடிகாரன்கூட, அதன் நாக்குக் கல்லில் தட்டுகின்றதா சேற்றில் உரசுகின்றதா என்பதைத் தடியின் அதிர்விலிருந்து உணரப் பழகுகின்றான். கைத்தூண்டிற்காரன் ஆயுள் முழுவதும் கற்றது அதனையே.

செய்மதியின் உதவியால் இடத்தைக் காட்டும் கருவி இன்று சிறிய படகிலும் இருக்கின்றது. மீன் கூட்டத்தைத் திரையிற் காட்டும் கருவியும் உண்டு. ஆகவே பழைய அறிவு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கலாம். கருவி, போய்ச்சேர்ந்த இடத்தைச் சேமித்து வைக்கும். எந்தப் பருவத்தில், எந்த நீரோட்டத்தில், எந்த நிலவில் அந்த இடத்துக்குப் போவது என்பதை அது சொல்லித் தராது. அதனைச் சொல்லத்தக்கவர்களுள் எஞ்சியிருப்போர் 70 வயதைக் கடந்தவர்கள்.

தோமஸ் எழுதிய நூல்களால் இந்திய ஆறுகளின் பெருங்கெண்டைத் தூண்டில் 150 ஆண்டுகளுக்குப் பின்னரும் வாசிக்கக் கிடைக்கின்றது. சென்னை மாகாணத்தின் மீன்பிடித்துறைப் பணிப்பாளராக இருந்த ஜேம்ஸ் ஹோர்ணெல், 1902இல் இலங்கையின் முத்துக்குளிப்பை ஆராய வந்தவர். பின்னர் சென்னைக் கரையோர மீனவரின் படகுகளையும் மீன்பிடி முறைகளையும் பொறுமையாகப் பதிவுசெய்தார். அரசாங்க அறிக்கைகளாக வெளிவந்த அவை இன்றும் ஆய்வாளருக்கு உதவுகின்றன. மயிலிட்டிக்கும் அதன் அயற்கரைகளுக்கும் அத்தகையதொரு பதிவு தமிழிலே வேண்டும்.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும், தெல்லிப்பழையின் பாடசாலைகளும் சேர்ந்தால் ஓராண்டில் செய்யக்கூடிய வேலை. பார்களின் பெயர்கள், அவற்றுக்கான கரை அடையாளங்கள், ஒவ்வொரு பாரின் ஆழம் எத்தனை பாகம், எந்த மாதத்தில் எந்த மீன், எந்த மீனுக்கு எந்தக் கொளுக்கி, எந்த இரை என்று ஒரு முதியவரிடம் இரண்டு நாள் இருந்து கேட்டாலே ஒரு கையேடு நிறையும். ஒலிப்பதிவு செய்து வைத்தாற் கடலோர வழக்குச் சொற்களும் தப்பும். வெளிநாடுகளிலிருந்து விலையுயர்ந்த தடிகளையும் சக்கரங்களையும் கொண்டுவரும் எமது பிள்ளைகள், அவற்றுடன் ஓர் ஒலிப்பதிவுக் கருவியையும் கொண்டுவந்து, கரையிலே வலை பொத்திக்கொண்டிருக்கும் பெரியவர்களின் அருகே அமர்ந்தால் பேருதவியாக இருக்கும்.

நல்ல தடி உடைந்தால் இன்னொன்றை வாங்கலாம். 27 ஆண்டுகள் கரையைக் காணாதிருந்தும் மறவாமல் வைத்திருந்த கடலறிவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதனை வைத்திருப்பவர்கள் இன்னும் சிலரே எம்மிடையே இருக்கின்றார்கள்.